இயேசப்பா கண்ணைக் குத்துவாரா? – டீச்சரிடம் கேளுங்கள்

போன இதழில், "வீட்டில் பிள்ளைகளுக்கு விசுவாசத்தை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள், எங்கே இடிக்கிறது?" என்று ஒரே ஒரு வரி கேட்டு வைத்தேன். வந்து குவிந்துவிட்டது. பாதி வாட்ஸ்அப்பில், மீதி தபாலில், ஒன்று மட்டும் கணக்கு நோட்டிலிருந்து கிழித்த தாளில் (அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்). முப்பத்தொரு வருஷம் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தவள், மூன்று பிள்ளைகளை வளர்த்தவள் என்பதைத் தவிர எனக்குப் பெரிய தகுதி ஒன்றும் கிடையாது. போதகர் ஐயாமார் படித்தால் தவறு இருக்கிற இடத்தில் திருத்திக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

டீச்சர், என் மகனுக்கு எட்டு வயது. காணிக்கை போடக் கொடுத்த இருபது ரூபாயில் ஆலயத்துக்கு எதிர்க்கடையில் ஐஸ் வாங்கித் தின்றுவிட்டான். கேட்டால், போட்டுவிட்டேன் என்று பொய் வேறு. கோபத்தில் "இயேசப்பா கண்ணைக் குத்திருவாரு" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து ராத்திரி ஜெபத்துக்குக் கூப்பிட்டால் கண்ணை மூட மாட்டேன் என்கிறான். என்ன செய்வது? – ஒரு அம்மா, தூத்துக்குடி

கண்ணை மூட மாட்டேன் என்கிறானா! அவன் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. குத்த வருகிறவர் பக்கத்தில் நிற்கும்போது யாராவது கண்ணை மூடுவார்களா?

சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள், ஆனால் விஷயம் சிரிப்பு இல்லை. "சாமி கண்ணைக் குத்தும்" என்பது நம் ஊரில் எல்லா வீட்டிலும் புழங்குகிற மிரட்டல். நாம் பெயரை மட்டும் மாற்றிப்போட்டு வைத்திருக்கிறோம். காலையில் இயேசு நேசிக்கிறார் என்று பாட்டுச் சொல்லிக்கொடுத்துவிட்டு, சாயங்காலம் அவரையே வீட்டுக் காவலுக்கு ஏட்டையாவாக நிறுத்திவிடுகிறோம். பிள்ளை இரண்டில் எதை நம்பும்? பயமுறுத்துகிறதைத்தான் முதலில் நம்பும்.

முதலில் சொன்னதைத் திரும்ப வாங்குங்கள். சுற்றி வளைக்காமல், "அம்மா சொன்னது பொய். எனக்குக் கோபம் வந்தது, அதை இயேசப்பா பெயரில் சொல்லிட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். அவன் இருபது ரூபாயைப் பற்றிப் பொய் சொன்னான், நாம் கடவுளைப் பற்றிச் சொன்னோம். எது பெரியது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அந்த இருபது ரூபாய். அதை விட்டுவிடாதீர்கள். கிருபை என்றதும் நிறையப் பேர் "பரவாயில்ல, விடு" என்று நினைத்துக்கொள்கிறார்கள். பரவாயில்லை என்றால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம், ஆனால் நடந்திருக்கிறது. காசு போயிருக்கிறது, பொய் வந்திருக்கிறது. கிருபை என்பது, நடந்ததை நடந்தது என்று சொல்லிவிட்டு, அதன் செலவை வேறொருவர் ஏற்றுக்கொள்வது. அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு வழக்கம்போல இருபது கொடுங்கள், காணிக்கைப் பை வரும்போது உங்கள் பர்ஸிலிருந்து இன்னொரு இருபதை, அதுவும் வீட்டுச் செலவுக்கு வைத்திருக்கிற காசிலிருந்து, அவன் பார்க்கிற மாதிரி போடுங்கள். "இது ஏன்?" என்று கேட்பான். "போன வாரம் உன்னுது" என்று மட்டும் சொல்லுங்கள். அங்கேயே உட்கார்ந்து சிலுவை வரைக்கும் பிரசங்கம் பண்ணிவிடாதீர்கள், நமக்கு அந்த வியாதி உண்டு. அவனே ஒரு நாள் கேட்பான், அன்றைக்குச் சொல்லலாம்.

அவனைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். வரி வசூலிக்கிற சகேயு, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாக (நாலு மடங்காக) திருப்பிக் கொடுக்கிறேன் என்றானே, அதனால் தப்பில்லை. ஆனால் லூக்கா 19-ல் வரிசையைப் பாருங்கள். இயேசு முதலில் "இறங்கி வா, இன்றைக்கு உன் வீட்டில் தங்க வேண்டும்" என்கிறார்; அதற்கப்புறம்தான் சகேயு பணப்பையைத் திறக்கிறான். உங்கள் மகன் உண்டியலை உடைத்துக்கொண்டு தானாக வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வராவிட்டால் காத்திருங்கள். இன்னொன்று, இந்தக் கதையை ஞாயிறு பள்ளி டீச்சரிடம் போய்ச் சொல்லாதீர்கள். நாங்கள் அதை வகுப்பில் உதாரணமாக எடுத்துவிடுவோம்.

ஞாயிறு பள்ளிக்கு அனுப்புகிறோம், மே மாதம் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) அனுப்புகிறோம். வீட்டிலும் சொல்லித்தர வேண்டுமா? – திருச்சி வாசகர்

வருஷத்துக்கு 52 ஞாயிறு, வாரத்துக்கு ஒரு மணி நேரம். அதில் பாதி வருகைப் பதிவிலும், பின்வரிசை அடிதடியைத் தீர்ப்பதிலும் போய்விடும், நான் செய்ததைத்தான் சொல்கிறேன். ராபர்ட் ரெய்க்ஸ் 1780-ல் இங்கிலாந்தின் கிளஸ்டர் நகரத்தில் ஞாயிறு பள்ளி ஆரம்பித்தது, வாரம் முழுக்க வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கத்தான். படித்த அப்பா அம்மா கையைக் கழுவிக்கொள்வதற்காக அல்ல. உபாகமம் 6-ல் "வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும்" என்று இருக்கிறது. பைக்கில் டியூஷனுக்குக் கொண்டுபோய் விடுகிற பத்து நிமிடமும் அதில் சேர்த்திதான்.

குடும்ப ஜெபம் தினமும் ராத்திரி எட்டரைக்கு. ஒரு சங்கீதம், ஒரு அதிகாரம், நான் கொஞ்சம் விளக்கம், பிறகு எல்லாரும் ஜெபம். 50 நிமிடம் ஆகும். நாலு வயது மகள் முழங்காலிலேயே தூங்கிவிடுகிறாள், பெரியவன் கொட்டாவி விடுகிறான். பக்தியை எப்படி வளர்ப்பது? – குவைத்திலிருந்து ஒரு தகப்பன்

50 நிமிடமா? உங்கள் விளக்கத்தைக் குறைத்துத்தான்.

அப்போஸ்தலர் 20-ல் பவுல் நடுராத்திரி வரைக்கும் பேசிக்கொண்டே போகிறார், ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்தபடி தூங்கி மூன்றாம் மெத்தையிலிருந்து கீழே விழுகிறான். பவுல் திட்டவில்லை. இறங்கிப்போய் அணைத்துக்கொண்டார். உங்கள் மகள் பாயில்தானே விழுகிறாள், தூக்கிப் படுக்கவையுங்கள், அப்பா தோளில் ஜெபச் சத்தம் கேட்டுக்கொண்டே தூங்குவது கெட்ட விஷயம் இல்லை.

பத்து நிமிடத்தில் முடியுங்கள். ஒரு பாட்டு, ஒரு சின்னப் பகுதி, ஒருவர் ஜெபம். அப்புறம் ஜெபத்தில் பிள்ளைகளைக் குத்திக்காட்டுகிற வழக்கம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். "கர்த்தாவே, இந்த வீட்டில் சிலர் ஹோம்வொர்க் செய்வதில்லை" என்பது ஜெபம் இல்லை. கர்த்தருக்கு ஏற்கனவே தெரியும், அந்தச் சிலருக்கும் தெரியும்.

என் மகளுக்குப் பதினொரு வயது. 150 வசனங்கள் மனப்பாடம், வேதாகம வினாடி வினாவில் மூன்று வருஷமாக முதல் பரிசு. போன வாரம் "கிருபைன்னா என்னடா?" என்று கேட்டேன். எபேசியர் 2:8-ஐ ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தாள். "சரி, அப்படின்னா என்ன?" என்றால் திரும்பவும் அதையே ஒப்பிக்கிறாள். – தாம்பரம் வாசகி

கேட்டீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். நிறைய வீட்டில் கோப்பையை அலமாரியில் வைத்ததோடு சரி.

மனப்பாடத்தைக் குறை சொல்ல மாட்டேன். இன்றைக்கு அரிசி மாதிரி உள்ளே இறங்கிக் கிடக்கட்டும், பசிக்கிற நாளில் உலை வைத்துக்கொள்வாள். ஆனால் உங்கள் இரண்டாவது கேள்வி இருக்கிறதே, "அப்படின்னா என்ன", அது புதிதே இல்லை. மார்ட்டின் லூத்தர் சபைகளைச் சுற்றிப் பார்த்து, ஜனங்களுக்கு அடிப்படையே தெரியவில்லை என்று நொந்துபோய் 1529-ல் சின்ன ஞானோபதேசத்தை, அதாவது விசுவாசத்தின் அடிப்படையைக் கேள்வி பதிலாகச் சொல்லிக்கொடுக்கிற சின்னப் புத்தகத்தை, எழுதினார். அதில் ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் "இது என்ன?" என்று கேள்வி வரும். ஒவ்வொரு பகுதிக்கும் மேலே, குடும்பத் தலைவன் இதைத் தன் வீட்டாருக்கு எளிமையாய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டிய விதம் என்று போட்டிருப்பார். குருவானவருக்கு மட்டும் இல்லை, வீட்டுக்காரருக்கு! 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் அதைத் தமிழில் கொண்டுவந்தார், நம் லுத்தரன் வீடுகளில் தாத்தா பாட்டிமார் பலர் அதைப் படித்து வளர்ந்தவர்கள்தான். கொடுமை என்னவென்றால், அந்தக் கேள்விக்கான பதிலையும் நாளடைவில் நாம் மனப்பாடம் பண்ண ஆரம்பித்துவிட்டோம்.

அவள் வாயில் விளக்கம் வரவில்லை என்றால் நீங்கள் விளக்கம் கொடுக்காதீர்கள், கதை சொல்லுங்கள். உபாகமம் 6-ன் கடைசியில் மகன் கேட்கிறான், இந்தக் கட்டளைகள் எல்லாம் என்ன என்று. அப்பா கட்டளையை விளக்குவதில்லை. நாங்கள் எகிப்திலே அடிமைகளாக இருந்தோம், கர்த்தர் எங்களை வெளியே கொண்டுவந்தார் என்று ஆரம்பிக்கிறார். உங்களுக்கும் ஒரு எகிப்து இருந்திருக்கும். நீங்கள் தகுதி இல்லாமல் பெற்றுக்கொண்ட ஒன்று, யாரோ மன்னித்தது, யாரோ கடனை வேண்டாம் என்று விட்டது. அதை உங்கள் மகளுக்குச் சொல்லியிருக்கிறீர்களா? நம் பிள்ளைகளுக்கு மோசேயின் கதை தெரியும், அம்மாவின் கதை தெரியாது.

"பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்" என்று என் மாமியார் வசனம் சொல்லியே என் கையில் கம்பைக் கொடுக்கிறார். பிள்ளையை அடிக்கத்தான் வேண்டுமா? – மார்த்தாண்டம்

அத்தை சொல்வது நீதிமொழிகள் 13:24. நீங்கள் மரியாதையாகக் கொலோசெயர் 3:21-ஐயும் வாசித்துக் காட்டுங்கள். பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று தகப்பன்மாருக்குச் சொல்லியிருக்கிறது, மாமியாருக்கும் பொருந்தும். 13:24-ல் பிரம்புக்கு வருகிற எபிரெயச் சொல்தான் 23-ஆம் சங்கீதத்தில் "உமது கோலும்" என்ற இடத்திலும் வருகிறது. ஆட்டை அடித்துக்கொண்டே இருக்கிற மேய்ப்பனின் கோல் "என்னைத் தேற்றும்" என்று எந்த ஆடு பாடும்?

கண்டிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அடித்தவள் சொல்கிறேன். என் மகனுக்கு அப்போது பத்து வயது. பாமாலைப் புத்தகத்துக்குள் வைத்திருந்த நூறு ரூபாயைக் காணோம். முந்தின நாள் பம்பரம் வாங்கக் காசு கேட்டிருந்தான், அதனால் அவன்தான் என்று முடிவு பண்ணி முழங்காலுக்குக் கீழே நாலு போட்டேன். எடுக்கல, எடுக்கல என்று கத்தினான். மூன்று நாள் கழித்துச் சங்கத்துக்குப் போகப் பட்டுச்சேலையை உதறினால் மடிப்பிலிருந்து நூறு ரூபாய் விழுகிறது. நானே மாற்றி வைத்திருக்கிறேன்.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அரை நாள் அப்படியே ஓடியது. ராத்திரி அவன் தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அம்மாதாம்ல தப்பு பண்ணிட்டேன், மன்னிச்சுக்கோ" என்றேன். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சரி. இன்னொரு தோச" என்றான். அவ்வளவுதான். இன்றைக்கு அவனுக்கு முப்பத்தாறு வயது, நான் எடுத்த எந்தப் பாடமும் அவனுக்கு ஞாபகம் இல்லை, அந்தத் தோசை ஞாபகம் இருக்கிறது. மொறுமொறுப்பாக இருந்ததாம்.

கிருபை, மன்னிப்பு என்றே சொல்லிக்கொண்டிருந்தால் பிள்ளை கெட்டுப்போகாதா? – மதுரை வாசகர்

இதே கேள்வியை ரோமர் 6-ல் பவுலே கேட்டு, "கூடாதே" என்று அவரே பதிலும் சொல்லியிருக்கிறார். என் அனுபவத்தில், மன்னிக்கப்பட்ட பிள்ளை உண்மையைச் சொல்லக் கற்றுக்கொள்கிறது, அடிவாங்குகிற பிள்ளை மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் கற்றுக்கொள்கிறது.

நான் கிறிஸ்தவள், என் கணவர் இந்து. நல்ல மனிதர், ஆலயத்துக்கு வண்டியில் கொண்டுவந்து விடுவார், உள்ளே வரமாட்டார். மகன் "அப்பா ஏன் வரல, அப்பா பரலோகத்துக்கு வரமாட்டாரா?" என்று கேட்கிறான். – கோயம்புத்தூர்

பவுலோடு ஊழியம் செய்த தீமோத்தேயுவின் வீடு ஏறக்குறைய உங்கள் வீடுதான், மகளே. அம்மா விசுவாசமுள்ள யூத ஸ்திரீ, அப்பா கிரேக்கர். பாட்டி லோவிசாளையும் அம்மா ஐனிக்கேயாளையும் பவுல் பெயர் சொல்லி எழுதுகிறார். அந்த இரண்டு பெண்களும் அப்பாவைக் காட்டிப் பிள்ளையைப் பயமுறுத்தி வளர்த்ததாக எங்கேயும் இல்லை.

யார் எங்கே போவார்கள் என்று முடிவு செய்கிற வேலை நமக்குக் கொடுக்கப்படவில்லை என்று மகனிடம் நேராகவே சொல்லுங்கள். "அப்பாவை இயேசப்பாவுக்கு நம்மைவிட நல்லாத் தெரியும், அப்பாவுக்காக ஜெபம் பண்ணு" போதும். அப்பாவை உளவு பார்க்கிற, திருத்துகிற வேலையை அவன் தலையில் வைக்காதீர்கள். அதோடு, வெயிலில் ஒன்றரை மணி நேரம் வண்டியோடு வெளியே காத்திருக்கிறாரே, அதற்கு அவன் முன்னாலேயே நன்றி சொல்லுங்கள்.

மகளுக்குப் பதினாறு வயது. இந்த வருஷம் திடப்படுத்தலுக்குப் பெயர் கொடுத்தோம், வெள்ளை உடைகூடத் தைத்தாயிற்று. இப்போது, "நான் நம்புறேனான்னு எனக்கே தெரியல, தெரியாம பிஷப் முன்னால ஆமான்னு சொன்னா அது பொய்தானம்மா" என்கிறாள். சொந்தக்காரர்களுக்கு என்ன சொல்வது? – பாளையங்கோட்டை

சொந்தக்காரர்களுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடலாம். மகளுக்கு என்ன சொல்வது என்பதுதான் கேள்வி.

குழந்தை ஞானஸ்நானத்தில் அவளுக்காக நீங்களும் ஞானப்பெற்றோரும் பதில் சொன்னீர்கள். அதை அவளே தன் வாயால் சொல்லுகிற நாள்தான் திடப்படுத்தல். அதையும் நீங்களே தள்ளிவிட்டுச் சொல்லவைத்தால், இரண்டாவது தடவையும் அவளுக்காக நீங்கள் பேசினதாகத்தான் ஆகும். வெள்ளைச் சேலை போட்டோவுக்கும் அன்றைக்குப் பிரியாணிக்கும் போகிற பிள்ளைகள் நிறைய உண்டு, நான் வகுப்பெடுத்தவள், எனக்குத் தெரியும். உங்கள் மகள் அந்த "ஆம்" என்ற வார்த்தைக்கு அவர்களைவிட அதிக மரியாதை கொடுக்கிறாள்.

ஒரு வருஷம் பொறுங்கள். சந்தேகத்தோடு அவள் வீட்டில் இருக்க இடம் கொடுங்கள். இயேசு உயிர்த்தெழுந்ததை நம்ப மாட்டேன் என்று தோமா சொன்னபிறகும் மற்ற சீஷர்கள் அவரை வெளியே தள்ளவில்லை, எட்டு நாள் கழித்துப் பூட்டின வீட்டுக்குள் அவர்களோடுதான் இருந்தார், அங்கேதான் ஆண்டவரும் வந்தார். பிறகு நம் மயிலாப்பூர் வரைக்கும் வந்தார் என்று பரம்பரையாகச் சொல்கிறோமே, அதே தோமா. உங்கள் போதகரிடம் அவளே போய்ப் பேசட்டும், நீங்கள் கூடப் போகாதீர்கள். உடையைப் பற்றிக் கவலை என்றால் ஓரத்தில் இரண்டு இன்ச் விட்டுத் தைக்கச் சொல்லுங்கள்.

டீச்சர், நான் பத்தாவது முடித்துவிட்டேன். 500-க்கு 312. அக்கா மூன்று வருஷத்துக்கு முன்னால் 478 எடுத்தபோது அம்மா ஆலயத்தில் எழுந்து, கர்த்தருடைய கிருபையால் என்று சாட்சி சொல்லி, எல்லாருக்கும் கேக் கொடுத்தார்கள். எனக்குச் சாட்சி சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. பரீட்சைக்கு முன்னால் என் ஹால் டிக்கெட்டையும்தான் வைத்து ஜெபித்தார்கள். எனக்குக் கிருபை கிடைக்கவில்லையா? – பெயர் வேண்டாம்

தம்பி, இந்தத் தாளை நாலைந்து தடவை படித்துவிட்டேன்.

உனக்குக் கிடைத்தது. பெரியவர்களாகிய நாங்கள்தான் வார்த்தையைத் தப்பாக உபயோகித்துவிட்டோம். 478 வந்தால் கிருபை என்கிறோம், கல்யாணம் முடிந்தால், விசா வந்தால் கிருபை என்கிறோம், வீட்டு வாசலில் "கிருபை இல்லம்" என்று கிரானைட்டில் வெட்டி வைக்கிறோம், நன்றி சொல்வது நல்லதுதான், ஆனால் அதைக் கேட்டு வளர்கிற பிள்ளைக்கு, நல்லது நடந்தவர்களுக்குத்தான் அது கிடைக்கும் போல என்று தோன்றிவிடுகிறது. நானும் என் மகளுக்காக அப்படி எழுந்து நின்றவள்தான். அன்றைக்குப் பின்வரிசையில் உன் மாதிரி எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்களோ, திரும்பிப் பார்க்கவில்லை.

மத்தேயு 20-ஐ எடுத்துப் படி. திராட்சத்தோட்டத்தில் காலையிலிருந்து வெயிலில் நின்றவனுக்கும் ஒரு பணம், சாயங்காலம் ஒரே ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்கும் ஒரு பணம். காலையில் வந்தவர்கள் முறுமுறுத்தார்கள். பரீட்சை நடத்துகிறவர் அப்படி மார்க் போட்டால் வேலை போய்விடும், அதனால் பள்ளிக்கூடக் கணக்கையும் அந்தத் தோட்டக்காரர் கணக்கையும் ஒரே நோட்டில் எழுதாதே. பதினோராம் வகுப்பில் கஷ்டப்பட்டுப் படி, அது வேறு. அவர் உன்னை வைத்திருக்கிற இடம் அதை வைத்து மாறாது.

இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவை வேறு மாதிரி ஒரு சாட்சி கேட்டிருக்கிறேன். ரிசல்ட் வந்த ஞாயிறு, வரிசையாக எல்லாரும் மார்க் சொல்லி முடித்தபிறகு ஒரு அப்பா எழுந்தார். "என் மகன் கணக்கில் பெயிலாயிட்டான். மறுபடி எழுதுறான். அவனைக் கர்த்தர் எங்களுக்குக் கொடுத்ததுக்காக ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கீபோர்டு வாசிக்கிற தம்பி அடுத்த பாட்டை ஆரம்பிக்க மறந்துபோனான். அந்தப் பையன் தலையைக் குனிந்தபடி அப்பா கையைப் பிடித்துக்கொண்டிருந்தான், பதினைந்து வயதுப் பையன்.

உன் அம்மாவுக்கு உன்மேல் பிரியம் இல்லாமல் இல்லை. உனக்கு வெட்கமாக இருக்கும் என்று நினைத்துக்கூட எழுந்திருக்காமல் இருந்திருக்கலாம். எனக்கு எழுதினதை அவர்களிடம் நேராகச் சொல். வாய் வரவில்லை என்றால் இந்தப் பக்கத்தை மடித்து அம்மாவின் வேதாகமத்துக்குள் வைத்துவிடு, ஞாயிற்றுக்கிழமை எப்படியும் திறப்பார்கள்.

அப்புறம், தாளின் ஓரத்தில் "தமிழ் 84" என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறாயே, ஏன் அடித்தாய்? அடித்தாலும் தெரிகிறது.